தாதியாகப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு: பினாங்கிலிருந்து ஒரு வழிகாட்டி

எஸ்பிஎம் (மலேசியாவின் ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடிவு வெளியாகும் சமயத்தில், ஆராதனை முடிந்த கையோடு பிள்ளைகள் சிலர் என்னைத் தேடி வந்துவிடுவார்கள். "ஆண்ட்டி, நர்ஸிங் போகலாம்னு இருக்கேன், ஜெபம் பண்ணிக்கோங்க" என்பார்கள். கட்டாயம் ஜெபிப்பேன். அப்புறம் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தெந்தப் பாடத்தில் கிரெடிட் கிடைத்திருக்கிறது, பணத்துக்கு என்ன வழி, வீட்டில் என்ன சொல்கிறார்கள், ராத்திரி கண்விழித்தால் உடம்பு தாங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். பினாங்கில் பல வருடம் வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பையன்களுக்கும் சேர்த்துத்தான். ஆண் தாதியர் இப்போது எங்கும் இருக்கிறார்கள். எலும்பு முறிவு வார்டிலும் அவசரப் பிரிவிலும் அவர்கள் கை பெரிய பலம்.

அழைப்பு என்று எதைச் சொல்கிறோம்

"தேவன் என்னை இந்த வேலைக்கு அழைக்கிறார்" என்று ஒரு பிள்ளை சொன்னால் நான் அதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. புளோரன்ஸ் நைட்டிங்கேலும் அப்படித்தான் சொன்னார். 1837 பிப்ரவரியில், 16 வயதில், தேவன் தன்னைத் தம் ஊழியத்துக்கு அழைத்ததாக எழுதி வைத்தார். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் போதகர் ஃபிளீட்னர் 1836இல் தொடங்கிய ஊழியப் பெண்கள் இல்லத்துக்குப் போய் முறையாகப் பயிற்சி பெற 1851 ஆகிவிட்டது. இடையில் 14 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. மருத்துவமனை அறிக்கைகளைத் தேடித்தேடிப் படித்தார், கணக்கும் புள்ளிவிவரமும் கற்றுக்கொண்டார். பிற்பாடு போர்க்கள மருத்துவமனைகளில் வீரர்கள் ஏன் செத்தார்கள் என்று அரசாங்கத்துக்கு எடுத்துக் காட்ட அந்தக் கணக்குதான் கைகொடுத்தது.

அழைப்பு வந்தவர்களுக்குப் படிப்பில் சலுகை கிடையாது. நம் சபைகளில் சில நேரம் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று மருந்துக் கணக்கை அரைகுறையாகப் படிக்கிற பிள்ளையை விட, பயந்து பயந்து மூன்று தடவை சரிபார்க்கிற பிள்ளையிடம் என் சொந்தத் தாயை நான் நம்பிக் கொடுப்பேன்.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் கதையை ஒரு தடவை தாதியின் கண்ணோடு படித்துப் பாருங்கள். மனதுருகினான் என்பது ஒரே வார்த்தைதான். அதன் பிறகு வருவதெல்லாம் வேலை. கிட்டே போனான், காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், அன்றிரவு பராமரித்தான், மறுநாள் செலவுக்குப் பணம் கொடுத்தான், திரும்பி வரும்போது பார்ப்பதாகச் சொன்னான். அடிபட்டவன் எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. நான் பிள்ளைகளுக்குச் சொல்ல வருவதும் இதைத்தான்: மனதுருக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதனால்தான் வந்திருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் வரும் வேலைகளைப் படிப்படியாகக் கற்றுக்கொள்ளத்தான் மூன்று வருடம்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு தடவை போய்ப் பாருங்கள்

தாதி என்றால் வெள்ளைச் சீருடையும் ஸ்டெதஸ்கோப்பும் என்று நினைத்து வருகிற பிள்ளைகள் முதல் மாதத்திலேயே அழுதுகொண்டு வீட்டுக்குப் போன் போடுகிறார்கள். அதனால் விண்ணப்பப் பாரம் நிரப்பும் முன்பே வயதானவர்களின் உடம்போடு கொஞ்சம் பழகுங்கள். பத்து லஞ்சாங்கில் லிட்டல் சிஸ்டர்ஸ் ஆஃப் தி புவர் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம் இருக்கிறது. கோலாலம்பூர்க்காரர்களுக்குச் செராசில் அதே சபையின் இல்லம் உண்டு. இது போன்ற இடங்களில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, விடுமுறையில் சில நாள் உதவிக்குப் போகலாம். சோறு ஊட்டுவது, நகம் வெட்டுவது, நாற்காலியில் உட்காரவைத்து வெளியே தள்ளிக்கொண்டு போவது என்று சின்ன வேலைகள்தான் தருவார்கள். அது போதும். ஒரு பாட்டி நீங்கள் ஊட்டிய கஞ்சியை உங்கள் சட்டையிலேயே துப்பும்போது உங்களுக்குள் என்ன எழுகிறது என்று கவனியுங்கள். அருவருப்பு வருவது பாவமில்லை, எல்லாருக்கும் வரும். அது வந்த பிறகும் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுக்க முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ படுக்கையில் இருந்தால் வெளியே போகவே வேண்டாம். அங்கேயே தொடங்குங்கள்.

வீட்டில் சம்மதம் வாங்குவது

நம் குடும்பங்களில் இன்னும் "பொம்பளப் பிள்ளை ராத்திரி வேலைக்கா?" என்பார்கள். "அடுத்தவங்க மலம் மூத்திரம் அள்ளவா படிக்க வச்சோம்?" என்றும் கேட்பார்கள். கோபப்படாதீர்கள். தோட்டத்தில் பால்மரம் சீவி, பிள்ளையாவது நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்று ஆசைப்பட்டவர்களின் கேள்வி அது. அவர்களை ஒரு தாதியிடம் நேரில் கூட்டிப் போய்ப் பேசவையுங்கள். சம்பளம், ஓய்வூதியம், தங்குமிடம், ராத்திரி முறை முடிந்து எப்படி வீடு திரும்புவது என்று அவர்கள் கேட்க நினைப்பதை எல்லாம் கேட்கட்டும். போதகர் சொன்னால் கேட்பார்கள் என்று போதகரை மட்டும் அனுப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் அழைப்பைப் பற்றிப் பேசுவார், அம்மாவுக்கோ பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும்.

மதிப்பெண்ணும் கல்லூரியும்

தாதியர் டிப்ளோமா மூன்று வருடம், ஆறு பருவம். பல வருடமாக வழக்கத்தில் இருந்த அளவுகோல் எஸ்பிஎம்மில் ஐந்து கிரெடிட்: மலாய், கணிதம், ஏதாவது ஓர் அறிவியல் பாடம், அதோடு வேறு இரண்டு பாடங்கள். ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். நுழைவுத் தகுதியை அவ்வப்போது மாற்றுவார்கள். ஆகவே விண்ணப்பிக்கிற வருடத்தில் மலேசியத் தாதியர் வாரியமான லெம்பாகா ஜூருராவாட் மலேசியா என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் விளம்பரத் தாளை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் முடித்தவர்கள் மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம், யூஎஸ்எம், யூபிஎம் போன்றவற்றில் நான்கு வருட இளங்கலைக்குப் போகலாம். யூஎஸ்எம் என்றதும் பினாங்கின் மிண்டன் வளாகம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். தாதியர் படிப்பு நடப்பது கிளந்தான் குபாங் கிரியான் வளாகத்தில்.

டிப்ளோமாவுக்கு மூன்று வழிகள். ஒன்று, சுகாதார அமைச்சின் பயிற்சிக் கல்லூரிகள். படிக்கும்போதே உதவித்தொகை கிடைக்கும், முடித்த பிறகு அரசாங்கத்தில் சேவை செய்ய வேண்டும். போட்டி அதிகம், விளம்பரம் வரும் நாளைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. இரண்டாவது, தனியார் மருத்துவமனைகள் நடத்தும் அல்லது ஆதரிக்கும் கல்லூரிகள். மூன்றாவது, பொதுவான தனியார் கல்லூரிகள்.

கிறிஸ்தவ ஊழியமாகத் தொடங்கிய மருத்துவமனைகள் நம் நாட்டில் உண்டு. பர்மா சாலையில் இருக்கும் பினாங்கு அட்வென்டிஸ்ட் மருத்துவமனை 1924இல் ஒரு சின்ன மருத்துவ நிலையமாகத் தொடங்கியது. மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனையை பிரான்சிஸ்கன் சபைக் கன்னியாஸ்திரிகள் 1976இல் தொடங்கினார்கள். பெட்டாலிங் ஜெயாவின் அசுந்தா மருத்துவமனையும் கன்னியாஸ்திரிகள் கையில் 1954இல் பிறந்ததுதான். விசுவாசத்தோடு வேலை செய்ய இப்படி ஓர் இடத்தில்தான் சேர வேண்டும் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பொது மருத்துவமனையின் நெரிசலான மூன்றாம் வகுப்பு வார்டுக்கும் ஆள் வேண்டும். கையில் காசில்லாதவர்கள் அங்கேதான் படுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், முடிந்தவர்கள் ஒரு சில வருடமாவது அங்கே வேலை பார்க்க வேண்டும்.

தனியார் கல்லூரி என்றால் சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். தாதியர் வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? மலேசியத் தகுதி முகமையான எம்க்யூஏவின் தரச்சான்று இருக்கிறதா? மாணவர்களை மருத்துவப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்? மூன்றுக்கும் காகிதத்தில் பதில் வாங்குங்கள். 2010ஐ ஒட்டிய வருடங்களில் தனியார் தாதியர் கல்லூரிகள் பெருகி, படித்து முடித்த எத்தனையோ பேர் வேலை கிடைக்காமல் பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனோடு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இன்று நிலைமை மாறி, தாதியருக்குத் தட்டுப்பாடு. ஆனாலும் தரம் குறைந்த கல்லூரியில் படித்துவிட்டு வாரியத்தின் தேர்வில் திணறுகிற பிள்ளைகளை இப்போதும் பார்க்கிறேன்.

பணமும் பாண்டும்

பிடிபிடிஎன் கடன் திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதைச் சேரும் அன்றே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனை உதவிச் சம்பளத்தோடு படிக்கவைத்தால் பாண்ட் எழுதி வாங்குவார்கள். படிப்பு முடிந்து இத்தனை வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும், நடுவில் விட்டுப் போனால் இவ்வளவு வெள்ளி கட்ட வேண்டும் என்று இருக்கும். கையெழுத்துப் போடும் முன் மலாயோ ஆங்கிலமோ நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். தேர்வில் ஒரு தடவை தவறினால் என்ன, கல்யாணம் ஆகி வேறு ஊர் போனால் என்ன, உடம்புக்கு முடியாமல் போனால் என்ன என்று கேளுங்கள். உத்தரவாதக் கையெழுத்துப் போடும் அப்பாவுக்கும் மாமாவுக்கும் அது முழுசாகப் புரிந்திருக்க வேண்டும். சபையில் கல்வி நிதி இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். அதற்காகத்தான் அந்த நிதி.

நேர்முகத் தேர்வில் "ஏன் தாதி ஆக விரும்புகிறாய்?" என்று நிச்சயம் கேட்பார்கள், பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ. "சேவை செய்ய ஆசை" என்று எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் யாரை, எப்போது, எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று ஒரு நிஜச் சம்பவத்தைச் சொல்லுங்கள். முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தால் அது இங்கே உதவும். விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்க வேண்டியதில்லை, கேட்காவிட்டால் பிரசங்கமும் வேண்டாம்.

கல்லூரியில் எதில் கவனம் வைப்பது

உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல் எல்லாம் மனப்பாடம் செய்து கடந்துவிடலாம். மருந்துக் கணக்கில் அது நடக்காது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அப்படியானால் 180 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. எத்தனை மில்லிலிட்டர் கொடுப்பீர்கள்? 180ஐ 120ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் 7.5. இதைக் காகிதத்தில் போடுவது சுலபம். ராத்திரி மூன்று மணிக்கு, குழந்தை அலறிக்கொண்டிருக்க, அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, புள்ளி இடம் மாறாமல் போட வேண்டும். 7.5 என்பது 75 ஆனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தினமும் ஐந்து கணக்கு போடுங்கள். வார்டில் கணக்கை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்வது கௌரவக் குறைச்சல் கிடையாது.

மலாய் நன்றாகப் பேச வராத பிள்ளைகள் இந்த மூன்று வருடத்தில் அதைச் சரி செய்துவிடுங்கள். பதிவேடு எழுதுவதும் வார்டில் பேசுவதும் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். பினாங்கில் ஹொக்கியன் நாலு வார்த்தை தெரிந்தால் பெரிய உதவி. படுக்கையில் இருக்கும் சீனப் பாட்டியை "ஆ மா" என்று கூப்பிட்டு, வலிக்கிறதா என்று அவர் மொழியில் கேட்டுப் பாருங்கள், இறுகிப்போய்க் கிடந்த முகம் இளகும். மலாய்க்காரப் பெரியவர்கள் மக்சிக், பக்சிக். நம்மவர்கள் பாட்டி, தாத்தா, ஐயா, அம்மா. படுக்கை எண்ணைச் சொல்லி யாரையும் கூப்பிடாதீர்கள். உங்களை எல்லா இனத்தாரும் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள்.

வார்டில் முதல் நாட்கள்

முதலில் உங்களிடம் தருவது உடம்பு துடைப்பது, வாய் சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, பெட்பேன் வைப்பது. இதெல்லாம் சில்லறை வேலை, ஊசி போடுவதுதான் நிஜ வேலை என்று நினைக்கிறவர்கள் நல்ல தாதியாக வருவதில்லை. புரட்டும்போதுதான் இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்திருப்பதைப் பார்ப்பீர்கள். விரலால் அழுத்தி எடுத்தும் அந்தச் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். நம்மவர்களின் கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். குதிகாலையும் மறக்காதீர்கள்.

நீரிழிவால் காலில் வரும் புண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் இந்தியர்களிடம்தான் நீரிழிவு மற்றவர்களை விட அதிகம். வார்டில் நீங்கள் பார்க்கும் தமிழ் முகங்களில் பாதி அதற்காகவே வந்திருப்பது போலத் தோன்றும். கட்டுப் பிரிக்கும் முன் டாக்டர் எழுதிய வலி மாத்திரையைக் கொடுத்து அரைமணி நேரம் விடுங்கள். 2008 முதல் அரசு மருத்துவமனைகளில் வலியையும் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு போலக் கேட்டு எண்ணில் குறிக்கிறோம், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. நம் தாத்தாக்கள் "பரவாயில்லம்மா" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் கை கட்டில் கம்பியை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஒட்டிக்கொண்ட காஸ் துணியைப் பிய்த்து எடுக்காதீர்கள். சலைன் ஊற்றி நன்றாக ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். வாடை அடிக்கும். முகக்கவசத்தில் ஒரு சொட்டு கோடாலித் தைலம் தடவிக்கொள்ளுங்கள், பழைய தாதியர் எல்லாரும் செய்வதுதான்.

கட்டுப் பிரிக்கும் நேரத்தில் அந்த மனிதர் தன் காலைப் பார்ப்பதில்லை. உங்கள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் மருமகள் மூக்கைப் பொத்தியிருப்பாள், பேரன் அறைக்குள் வரமாட்டான். நீங்கள் புருவம் சுளிக்காமல், "ஐயா, ஓரத்துல நல்ல சிவப்பா சதை வளர ஆரம்பிச்சிருக்கு" என்று சொன்னால் (அது உண்மையாக இருந்தால் மட்டும், பொய் ஆறுதல் வேண்டாம்) அவர் மூச்சு விடுவது உங்களுக்கே கேட்கும். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்ற மத்தேயு 25இன் வசனத்தை நான் சபையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதன் கனம் எனக்கு உறைத்தது டிரஸ்ஸிங் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில்தான்.

இன்னொன்று, தாலி. அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. மின்கருவியால் தோல் சுட்டுவிடலாம். மற்ற இனத் தோழிகளுக்கு அது ஒரு செயின். நம் அம்மாமாருக்கு அதைக் கழற்றச் சொன்னாலே உயிர் நடுங்கும். இந்த இடத்தில் தமிழ் தெரிந்த தாதி பெரிய உதவி. அறுவை அரங்கின் விதி எதற்கு இடம் கொடுக்கிறது என்று முதலில் வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். சில இடங்களில் பிளாஸ்திரி சுற்றி மூடச் சம்மதிப்பார்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால் திரையை மூடி, புருஷனையோ மாமியாரையோ உள்ளே கூப்பிட்டு அவர்கள் கையாலேயே கழற்றவிடுங்கள். மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். நகையை ஒப்படைத்ததைச் சாட்சி வைத்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஐந்து நிமிஷ வேலை. அந்த அம்மா அமைதியாக மயக்கத்துக்குப் போவார்.

விசுவாசத்தை எங்கே வைப்பது

பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான். நோயாளிக்கு நற்செய்தி சொல்லலாமா? என் பதில் திட்டமானது: நீங்களாக ஆரம்பிக்கக் கூடாது. படுக்கையில் கிடப்பவர் எழுந்து போக முடியாது, உங்களைப் பகைத்துக்கொள்ளவும் பயப்படுவார். அந்த நிலையில் இருப்பவரிடம் மதம் பேசுவது அவருடைய பலவீனத்தைப் பயன்படுத்துவது. முஸ்லிம்களிடம் வேறு மதத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அரசியலமைப்பின் 11(4) பிரிவு அதிகாரம் தருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான்.

ஆனால் கேட்டால்? கிறிஸ்தவப் பாட்டி ஒருவர் "மிஸ்ஸி, எனக்காக ஜெபம் பண்ணும்மா" என்றால், கையில் அவசர வேலை இல்லாவிட்டால் திரையை இழுத்துவிட்டு, கையைப் பிடித்து, நாலு வரி மெதுவாக ஜெபியுங்கள். பக்கத்துப் படுக்கைக்குக் கேட்க வேண்டியதில்லை. அவருடைய போதகருக்கோ பாதிரியாருக்கோ சொல்லி அனுப்ப உதவுங்கள். கத்தோலிக்கர் நோயில்பூசுதல் (பாதிரியார் எண்ணெய் பூசி ஜெபிப்பது) கேட்டால் தாமதிக்காதீர்கள், நேரம் தவறிவிட்டால் குடும்பத்துக்கு ஆயுசுக்கும் மனவருத்தம். இந்துப் பாட்டி "எனக்காகச் சாமி கும்பிட்டுக்கோ" என்றால் "சரி பாட்டி, உங்களை நினைச்சுக்கிறேன்" என்று சொல்லி, வீட்டுக்குப் போய் உங்கள் ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள். மக்சிக் தொழுகைக்குக் கைகால் கழுவத் தண்ணீர் கேட்டால் கொண்டுவந்து கொடுங்கள், கட்டிலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேளுங்கள். சாகும் நேரத்தில் குடும்பத்தார் காதில் கலிமா ஓதினாலும், வாயில் கங்கைத் தண்ணீர் விட்டாலும், அவர்களுக்கு இடம் விட்டு, மானிட்டரின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

சிபில் கார்த்திகேசுவைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் டாக்டரைக் கல்யாணம் செய்து ஈப்போவில் வாழ்ந்த தாதி, மருத்துவச்சி. ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவர். ஜப்பானியர் காலத்தில் பாப்பான் என்ற சின்ன ஊரில், காட்டிலிருந்து காயத்தோடு வந்த எதிர்ப்புப் படையினருக்கு ரகசியமாக வைத்தியம் பார்த்தார். 1943இல் பிடிபட்டார். கொடிய சித்திரவதையிலும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அவருக்குப் பிரிட்டிஷ் அரசு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. சித்திரவதையின் விளைவாலேயே 1948இல் இறந்தார். அவர் வைத்தியம் பார்த்தவர்களில் கடவுள் இல்லை என்ற கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் களைப்பும்

காலை ஏழு மணி, மதியம் இரண்டு மணி, ராத்திரி ஒன்பது மணி என்று முறை மாறுவதுதான் அரசு வார்டுகளில் வழக்கம். எல்லா ஞாயிறும் ஆராதனைக்குப் போக முடியாது. சபையில் யாராவது "இப்பல்லாம் ஆளையே காணோமே" என்றால் மனம் நோக வேண்டாம், அட்டவணையைப் போதகரிடம் காட்டிவிடுங்கள். சனிக்கிழமை மாலை வழிபாடு, வாரநாள் ஜெபக்கூட்டம், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். முற்றிலும் விட்டுவிடாதீர்கள். பண்டிகைகளில் நம் நாட்டுக்கே உரிய நல்ல வழக்கம் ஒன்று உண்டு. ஹரிராயாவுக்கு நாம் வேலைக்கு நிற்போம், கிறிஸ்துமஸுக்கு மலாய்த் தோழிகள் நிற்பார்கள், தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அப்படியே. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழா வரும் ஜூலை 26ஐ ஒட்டி எங்கள் கத்தோலிக்கத் தோழிகள் மாதத் தொடக்கத்திலேயே முறை மாற்றக் கேட்டு வந்துவிடுவார்கள்.

அழைப்பு என்று வந்தவர்கள் தங்களைத் தாங்களே எரித்துக்கொள்கிறார்கள். முறை முடிந்தும் கிளம்ப மனம் வராது, இன்னும் ஒருவருக்குத் தண்ணீர், இன்னும் ஒருவருக்குத் தலையணை என்று நிற்பார்கள். சமாரியன் மறுநாள் சத்திரக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான் என்பதை மறக்காதீர்கள். முறை மாறும்போது நோயாளிகளை அடுத்த தாதியிடம் ஒப்படைப்பதை வார்டில் நாம் பாஸ் ஓவர் என்கிறோமே, அதுவும் அந்த இரக்கத்தின் ஒரு பகுதி. ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். நோயாளி இறந்த நாளில் ஒரு மூத்த அக்காவிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். மூன்று நாள் ஆகியும் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் ஜெபத்தோடு டாக்டரையும் பாருங்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பதிவுக்குப் பிறகு

கல்லூரித் தேர்வோடு வாரியத்தின் தேர்விலும் தேறி, 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி பெயர் பதிவான பிறகே நீங்கள் ஸ்டாஃப் நர்ஸ். அதோடு ஒவ்வொரு வருடமும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. வருடக் கடைசியில் ஓடாமல் மாதாமாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கும் சவுதிக்கும் உடனே போகத் துடிக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், குடும்பத்தில் கடன் இருக்கும். ஆனால் முதலில் இரண்டு வருடமாவது இங்கே பொது மருத்துவ வார்டில் வேலை பாருங்கள். கை பழகும், எந்த நாட்டு நேர்முகத்திலும் அந்த அனுபவத்தைத்தான் கேட்பார்கள். அதற்கு மேல் சிறப்புப் பயிற்சிகள்: மகப்பேறு, சிறுநீரகம், தீவிர சிகிச்சை, புற்றுநோய், குழந்தைகள் பிரிவு. சிறுநீரகப் பிரிவில் தமிழ் பேசும் தாதியருக்கு வேலை நிறைய இருக்கிறது. டயாலிசிஸ் நாற்காலியில் வாரம் மூன்று நாள் வந்து உட்காரும் நம்மவர்களுக்கு, தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம், சாம்பாரில் உப்பை எப்படிக் குறைப்பது என்று வீட்டுத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.